பழைய இழையை அறுக்கும் முன்

கடை நடத்துகிற நம்மில் பலர் அண்மைக் காலத்தில் ஏதேனும் ஒரு மாற்றத்தைச் செய்திருக்கிறோம். அல்லது செய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம். கையால் எழுதிய பில்லுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பில், கடன் நோட்டுக்குப் பதிலாகச் செல்போனில் கணக்கு, கல்லாவுக்குப் பின்னால் இருந்த சரக்கை வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும்படி அலமாரியில் அடுக்குவது என்று மாற்றங்கள் பலவகை. சூப்பர் மார்க்கெட்டுகளும், வீட்டு வாசலுக்கே சரக்கைக் கொண்டுவரும் கம்பெனிகளும் பெருகிவிட்ட நாளில் நாம் மட்டும் அப்படியே இருக்க முடியாது.

ஆனால், நல்ல எண்ணத்தோடு செய்த மாற்றமே வியாபாரத்தைப் பதம் பார்த்த கதைகளும் உண்டு. பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த வாடிக்கையாளர்கள் ஒரே வாரத்தில் மனம் வெறுத்துப்போன கதை ஒன்றை இந்தக் கட்டுரையில் பார்ப்போம். அது மளிகைக் கடையின் கதை அல்ல. வெளிநாட்டு ஸ்பீக்கர் கம்பெனி ஒன்றின் கதை. ஆனாலும் அதன் பாடம் நம் கல்லாப் பெட்டிவரை வரும்.

சோனோஸ் கம்பெனியில் நடந்தது என்ன?

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா பார்பரா நகரில் 2002-இல் தொடங்கப்பட்ட நிறுவனம் சோனோஸ். வீட்டில் அறைக்கு ஒரு ஸ்பீக்கர் வைத்து, எல்லாவற்றையும் வைஃபை மூலம் இணைத்து, கையிலுள்ள செல்போனிலிருந்தே இயக்கும் முறையில் பெயர் பெற்றது. கூடத்தில் ஒரு பாட்டும் சமையலறையில் வேறு பாட்டுமாக வைக்கலாம். வீடு முழுவதும் ஒரே பாட்டையும் ஒலிக்கவிடலாம். விலை அதிகம்தான். ஆனாலும் ஒரு ஸ்பீக்கர் வாங்கியவர் இரண்டு, மூன்று என்று சேர்த்துக்கொண்டே போனார். இந்த நிறுவனத்தின் பலமே பழைய வாடிக்கையாளர்கள்தான்.

இந்த ஸ்பீக்கர்களை இயக்கும் சாவி, செல்போனில் இருக்கும் ஆப் எனப்படும் செயலி. 2024 மே 7-ஆம் தேதி சோனோஸ் அந்தச் செயலியை அடியோடு மாற்றிப் புதிதாக வெளியிட்டது. பழைய செயலி பல ஆண்டுகளாக ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வளர்ந்தது. புதிய வசதிகளைச் சேர்ப்பது கடினமாகிவிட்டது. எனவே அஸ்திவாரத்திலிருந்து மாற்றிக் கட்ட வேண்டும் என்று நிறுவனம் முடிவு செய்தது. அதில் தவறில்லை.

தவறு எங்கே என்றால், வாடிக்கையாளர்கள் நாள்தோறும் பயன்படுத்திய பல வசதிகள் புதிய செயலியில் இல்லாமலேயே அது வெளிவந்துவிட்டது. தூங்கும்போது குறிப்பிட்ட நேரத்தில் பாட்டு தானாக நிற்கும் வசதி இல்லை. காலையில் எழுப்பும் அலாரத்தைத் திருத்த வழி இல்லை. அடுத்து வரும் பாட்டுகளின் வரிசையை மாற்ற முடியவில்லை. சொந்தமாகச் சேர்த்து வைத்த பாட்டுகளில் தேட முடியவில்லை. பலர் வீட்டில் ஒலியைக் கூட்டினால் சற்றுத் தாமதித்தே கூடியது. சில வீடுகளில் ஸ்பீக்கரே செயலியின் கண்ணுக்குத் தெரியவில்லை. திரையில் இருப்பதைக் குரலாகக் கேட்டுச் செயலியை இயக்கி வந்த பார்வையற்றோருக்கு அது ஏறக்குறைய கைவிட்டுப் போனது.

ஸ்பீக்கர் பழுதாகவில்லை. நேற்றுவரை நன்றாகப் பாடிக்கொண்டிருந்த அதே பெட்டிதான். ஆனால் அதைத் தொட்டு இயக்கும் வழி கெட்டுப்போனதால், பணம் கொடுத்து வாங்கிய பொருளே வீணானதுபோல் மக்கள் கொதித்தார்கள்.

கொதிப்புக்குக் கிடைத்த பதில்

புகார்கள் குவியத் தொடங்கியபோது, பொருள் தயாரிப்புக்குப் பொறுப்பான உயர் அதிகாரி, இப்படி அடியிலிருந்து மாற்றிக் கட்டுவதற்குத் துணிவு வேண்டும் என்ற கருத்தில் விளக்கம் தந்தார். அலாரம் அடிக்காமல் தூங்கிப்போனவருக்கு நிறுவனத்தின் துணிவைக் கேட்டு என்ன ஆறுதல் கிடைக்கும்? தலைமை அதிகாரி பேட்ரிக் ஸ்பென்ஸ் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வெளியிட்டது ஜூலை 25-ஆம் தேதி. மாற்றம் வந்து இரண்டரை மாதத்துக்குப் பிறகு!

"பழைய செயலியையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள். நிறுவனமும் அதை யோசித்துப் பார்த்தது. ஆனால் செயலியோடு சேர்த்து ஸ்பீக்கருக்குள் இருந்த மென்பொருளும், பின்னணியில் இயங்கும் கம்ப்யூட்டர் அமைப்பும் மாற்றப்பட்டிருந்தன. இனிப் பழையதைக் கொண்டுவந்தால் சிக்கல் இன்னும் கூடும் என்று ஆகஸ்டில் அறிவித்துவிட்டார்கள். அதாவது, திரும்பிப் போகும் பாலத்தை அவர்களே எடுத்துவிட்டிருந்தார்கள்.

இதன் விலை என்ன? பழுதுகளைச் சரிசெய்ய 2 கோடி முதல் 3 கோடி டாலர்வரை, அதாவது அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 170 முதல் 250 கோடி ரூபாய் செலவாகும் என்று ஆகஸ்டில் நிறுவனமே சொன்னது. வெளியிட இருந்த 2 புதிய பொருள்களை ஒத்திவைத்தது. அதே மாதம் ஏறக்குறைய 100 பேர் வேலையிழந்தனர். விட்டுப்போன வசதிகளில் 80 சதவீதத்துக்கு மேல் திரும்ப வந்துவிட்டதாக அக்டோபரில்தான் சொல்ல முடிந்தது. வீட்டு ஸ்பீக்கர்களின் உத்தரவாதத்தை ஓராண்டு நீட்டினார்கள். 2025 ஜனவரி 13-ஆம் தேதி ஸ்பென்ஸ் பதவி விலகினார்.

இதே அமெரிக்காவில் 1985-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோகோ கோலா தன் பானத்தின் சுவையை மாற்றியதும், மக்கள் எதிர்த்ததும் பலர் அறிந்ததே. அந்த நிறுவனம் ஜூலையிலேயே பழைய சுவையைத் திரும்பக் கொண்டுவந்து தப்பித்தது. பழைய செய்முறை கையில் இருந்ததால் திரும்ப முடிந்தது. சோனோஸுக்கு அந்த வழி இல்லை. இரண்டுக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

நம் ஊர்த் தறி சொல்லும் முறை

காஞ்சிபுரத்துக்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வெளிநாட்டு வல்லுநர் தேவையில்லை. பிள்ளையார்பாளையத்தில் எந்த நெசவாளரைக் கேட்டாலும் சொல்வார். சேலையின் உடல் ஒரு நிறம், முந்தானை வேறொரு நிறம் என்று நெய்யும்போது, பாவு நூலையே மாற்ற வேண்டும். அதைப் பெட்னி என்கிறோம். முந்தானைக்கான புதிய பாவின் ஒவ்வோர் இழையும் பழைய பாவின் இழையோடு கையால் ஒவ்வொன்றாகப் பிணைக்கப்படுகிறது. ஆயிரக்கணக்கான இழைகள், பொறுமையைச் சோதிக்கும் வேலை. ஆனால் அப்படிப் பிணைத்த பிறகே நெசவு முந்தானைக்கு நகர்கிறது. "முக்கியமான இழைகளை மட்டும் இப்போது பிணைப்போம், மற்றவற்றைப் பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று எந்த நெசவாளரும் சொல்வதில்லை.

சோனோஸ் செய்தது அதைத்தான். முக்கியமான இழைகள் எவை என்று அலுவலகத்தில் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். ஆனால் ஒருவருக்குச் சிறிய வசதியாகத் தோன்றுவது இன்னொருவருக்கு அந்தப் பொருளை வாங்கிய காரணமாகவே இருக்கும்.

மளிகைக் கடையின் கண்ணுக்குத் தெரியாத இழைகள்

நம் கடையிலும் இத்தகைய இழைகள் எத்தனையோ இருக்கின்றன. பழகிப்போனதால் நாமே அவற்றைக் கவனிப்பதில்லை. சிலவற்றைப் பார்ப்போம்.

"பத்து ரூபாய்க்குச் சீரகம்" என்று கேட்கும் வாடிக்கையாளர் இருக்கிறார். புதிய பில்லிங் மென்பொருள் கிராம் கணக்கை மட்டுமே ஏற்குமானால், அவர் முன்னால் நாம் விழித்துக்கொண்டு நிற்போம். இரண்டாம் முறை அவர் அடுத்த கடைக்குப் போவார்.

நெசவாளர் குடும்பங்களுக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. சேலையை அறுத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் நாளில்தான் கடைப் பாக்கி தீரும். நம் கடன் நோட்டு அந்தத் தறியின் ஓட்டத்தோடு ஓடுகிறது. மாதக் கடைசியானால் எல்லோருக்கும் தானாகப் பாக்கி நினைவூட்டல் அனுப்பும் செயலியைப் போட்டால், பல ஆண்டு நாணயமாக வாங்கியவரை அவமதித்ததாகிவிடும்.

கண் மங்கிய முதியவர் ஒருவர் அலமாரியைப் பார்த்துப் பொருள் எடுப்பதில்லை. வழக்கமான இடத்தில் கை வைத்து எடுக்கிறார். செல்போன் இல்லாத பாட்டி கையில் காசோடு வருகிறார். படிக்கத் தெரியாத ஒருவர் உறையின் நிறத்தைச் சொல்லித் தேயிலைத்தூள் கேட்கிறார். இவர்கள் யாரும் புகார் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். வராமல் நின்றுவிடுவார்கள். சோனோஸுக்காவது புகார் வந்தது. நமக்கு அதுவும் வராது. இதுதான் சிறு கடையின் ஆபத்து.

கடைப்பிடிக்க வேண்டிய ஆறு முறைகள்

1. முதலில் பட்டியல் எழுதுக. எதை மாற்றப் போகிறோமோ, அந்தப் பழைய முறை இப்போது யார் யாருக்கு எப்படிப் பயன்படுகிறது என்று ஒரு வாரம் கவனித்து நோட்டில் எழுத வேண்டும். கடையில் வேலை பார்க்கும் பையனையும், கல்லாவில் உட்காரும் வீட்டாரையும் கேட்டால் நமக்குத் தெரியாத பல செய்திகள் வெளிவரும்.

2. ஒவ்வொன்றுக்கும் புதிய முறையில் பதில் இருக்கிறதா என்று பார்க்க. மென்பொருள் விற்க வருபவர் தம் சரக்கின் சிறப்பைத்தான் காட்டுவார். நாம் நம் பட்டியலைக் காட்டி, "இதைச் செய்து காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். பணம் கொடுப்பது அதற்குப் பிறகு.

3. பழையதும் புதியதும் சிறிது காலம் சேர்ந்தே ஓடட்டும். ஒரு மாதமாவது கடன் நோட்டும் எழுதுவோம், செயலியிலும் ஏற்றுவோம். இரட்டை வேலைதான். ஆனால் இரண்டு கணக்கும் பைசா சுத்தமாக ஒத்துப்போன பிறகே நோட்டை மூட வேண்டும். மூடிய நோட்டையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

4. நாள் பார்த்துச் செய்க. மாதத்தின் முதல் வாரம் மளிகைப் பட்டியல்கள் குவியும் நேரம். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை, பங்குனி உத்திரம், தீபாவளி ஆகியவற்றை ஒட்டிய நாள்களும் மாற்றத்துக்கு ஏற்றவை அல்ல. கூட்டம் குறைந்த நாளில் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குவது நல்லது.

5. ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர். அலமாரியையும் பில்லையும் கடன் முறையையும் ஒன்றாக மாற்றினால், எதனால் வியாபாரம் குறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

6. குறை வந்தால் அன்றே ஒப்புக்கொள்க. "புது சிஸ்டம் அப்படித்தான்" என்று சொல்வது பதில் ஆகாது. "சிரமத்துக்கு மன்னிக்கணும் அம்மா, நாளைக்குச் சரி செய்துவிடுகிறோம்" என்று சொல்லி, மறுநாள் சரிசெய்துவிட்டால் மனக்கசப்பு அங்கேயே தீர்ந்துவிடும்.

அவசரம் எப்போது தவிர்க்க முடியாதது?

சில மாற்றங்களில் நாள் குறிப்பது நம் கையில் இல்லை. ஜி.எஸ்.டி. விகித மாற்றம் 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி அறிவிக்கப்பட்டு, 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இடையில் கிடைத்தவை மூன்று வாரத்துக்கும் குறைவான நாள்கள். பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை ஆகியவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கும், நெய், வெண்ணெய் ஆகியவை 12-லிருந்து 5-க்கும் இறங்கின. கம்ப்யூட்டர் பில் போடும் கடைகளில் பொருள் பொருளாக வரியைத் திருத்த வேண்டியிருந்தது. இத்தகைய நேரத்தில், தன் கடையின் பொருள் பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு வேலை எளிது. விற்றவரையே நம்பியிருப்பவர் அவருடைய தொலைபேசிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

சட்டம் கேட்கும் மாற்றத்துக்குக் கெடு உண்டு. நாமாகச் செய்யும் மாற்றத்துக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. சோனோஸை எந்த அரசும் மே 7-ஆம் தேதிக்குள் மாற்று என்று சொல்லவில்லை. தானே தனக்குக் குறித்துக்கொண்ட நாளுக்காகத் தயாராகாத சரக்கைக் கடைவிரித்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது பெரிய கம்பெனிக்கும் பொருந்தும்.

கலந்து பேசுவதற்கான கேள்விகள்

அடுத்து நண்பர்கள் கூடும்போது கீழ்க்கண்டவற்றைப் பேசிப் பார்க்கலாம்.

நம் கடையில் கடந்த ஓராண்டில் செய்த மாற்றம் எது? அதற்குப் பிறகு வராமல் நின்ற வாடிக்கையாளர் யாரேனும் உண்டா? அவரிடம் காரணம் கேட்டோமா?

நம் கணக்கு முழுவதும் ஒரே செல்போனில் இருக்கிறதா? அது தொலைந்தால் நாளைக் காலை யாருக்கு எவ்வளவு பாக்கி என்று நம்மால் சொல்ல முடியுமா?

இப்போது வாங்க நினைக்கும் புதிய கருவியோ மென்பொருளோ பிடிக்கவில்லை என்றால், பழைய முறைக்குத் திரும்ப எத்தனை நாள் ஆகும்?

மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காதவரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.