முதல் வருஷமே கோப்பை கேட்காதீர்கள்

கல்லூரிக் கூடைப்பந்து அணிக்குப் புதிதாகப் பயிற்சியாளராகப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கையில் இருக்கும் நாட்களை எண்ணிப் பாருங்கள் என்பதுதான். அமெரிக்கக் கல்லூரி அணிகள் நவம்பரில் தொடங்கி மார்ச் வரைக்கும் சுமார் 30 ஆட்டங்கள் ஆடுகின்றன. ஒரு தோல்வியில் தெரிந்த குறையை அடுத்த வாரமே சரிசெய்துகொள்ளலாம். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி சில நாட்களில் முடிந்துவிடும். முதல் சுற்றுகள் நாக் அவுட், மிஞ்சும் நான்கு அணிகளுக்கு லீக். முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த வருஷத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். அடுத்த வருஷம் வரும்போது இறுதியாண்டுப் பெண்கள் கல்லூரியிலேயே இருக்க மாட்டார்கள்.

நான் பெரியகுளத்துக்காரி. மே மாதம் சில்வர் ஜூபிலி கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டியைக் கேலரியில் இடம் பிடித்துப் பார்த்து வளர்ந்தவள். பெரிய பெரிய அணிகள் ஆடியதைப் பார்த்த கண்ணுக்கு, எந்தக் கல்லூரி அணியைக் கண்டாலும் உடனே செட் பிளே சொல்லிக்கொடுக்கத்தான் தோன்றும். கல்யாணமாகி மைசூருக்கு வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, ஒரு கல்லூரியின் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது அந்த ஆசையைத் தள்ளி வைத்தேன். முன்பு இருந்த பி.டி. சார் சொல்லிக்கொடுத்த செட் பிளேக்களை அப்படியே விட்டேன். அவை பிள்ளைகளுக்குக் கைவந்திருந்தன. புதிதாக வந்தவர் பழையதை எல்லாம் அழித்தால், நேற்று வரை தாங்கள் உழைத்தது வீண் என்று சீனியர் பெண்களுக்கு ஆகிவிடும். ஜூனியர் பெண்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் நடப்பார்கள்.

நான் மாற்றியது பந்தை. ஸ்டோர் ரூமில் இருந்தவை எல்லாம் ஏழாம் எண் பந்துகள், ஆண்கள் ஆடுவது. பெண்களுக்கு விதிப்படி ஆறாம் எண். சுற்றளவில் ஏறக்குறைய ஓர் அங்குலம் சின்னது, எடையும் குறைவு. கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் பெரிய பந்திலேயே பழகிய பெண்கள் ஒற்றைக் கையால் தூக்கி, மணிக்கட்டைச் சுண்டிப் போட முடியாமல், இரண்டு கையாலும் மார்பிலிருந்து தள்ளிப் பழகியிருந்தார்கள். அப்படித் தள்ளும் பந்து தாழ்வாகப் போய் வளையத்தின் முன்விளிம்பில் அடித்துத் திரும்பும். சரியான பந்து கைக்கு வந்த சில வாரங்களில் முழங்கை தானாக உள்ளே வந்தது, பந்து மேலெழும்பி இறங்கியது. கல்லூரி நிர்வாகத்திடம் ஒரே ஒரு பொருள்தான் கேட்க முடியும் என்றால் ஆறாம் எண் பந்துகளைக் கேளுங்கள். ஜெர்சி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கால். யுசிஎல்ஏ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜான் உட்டன் வருஷத்தின் முதல் பயிற்சியில் காலுறையைச் சுருக்கமில்லாமல் மாட்டுவது எப்படி, ஷூ லேஸை இறுக்குவது எப்படி என்றுதான் சொல்லிக்கொடுப்பார். எங்கள் கோர்ட் சிமென்ட் தரை. அதில் காலுறை மடிந்தால் ஒரே காலையில் கொப்புளம் வரும். கொப்புளம் வந்த பெண் மறுநாள் வர மாட்டாள், வந்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடி முழங்காலைக் கெடுத்துக்கொள்வாள்.

அந்த முழங்காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிவது, இந்த ஆட்டத்தில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நடக்கிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே, குதித்து இறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ நேரும். ரீபவுண்டுக்குக் குதித்து இறங்குகிற பெண்ணை எதிரே நின்று பாருங்கள். முழங்கால் இரண்டும் உள்பக்கமாக ஒன்றை ஒன்று நோக்கிச் சாய்ந்தால் அவள் ஆபத்தில் இருக்கிறாள் என்று பொருள். தினமும் வார்ம் அப்பில் பத்து நிமிடம், தாழ்வான ஒரு படியிலிருந்து குதித்து, முழங்காலை மடக்கி, பாத விரல்களுக்கு நேராக வைத்துச் சத்தமில்லாமல் இறங்கப் பழக்கினேன். தொப்பென்று சத்தம் கேட்டால் மறுபடியும் குதிக்க வேண்டும். பந்தைத் தொடாமல் இதைச் செய்வது பிள்ளைகளுக்கு அலுப்பாகத்தான் இருக்கும். விடாதீர்கள்.

மைசூர் அணிகளுக்குச் சாமுண்டி மலையின் ஆயிரம் படிகள் ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் போனால் எத்தனையோ அணிகள் படியேறுவதைப் பார்க்கலாம். ஏறுவது நல்லது, தொடைக்கும் மூச்சுக்கும் அதைவிடப் பயிற்சி இல்லை. கல்படியில் குதித்துக் குதித்து இறங்குவதுதான் முழங்காலுக்குக் கேடு. நாங்கள் ஏறிப்போய், கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டு, 201 பஸ் பிடித்து இறங்கிவிடுவோம். வாரம் ஒரு முறை போதும். கூடைப்பந்து குட்டிக் குட்டி ஓட்டங்களால் ஆன ஆட்டம். நெடுந்தூரம் ஓடவிட்டே பயிற்சி நேரத்தைத் தீர்ப்பது வீண்.

எந்த ஆட்டத்திலும் மூன்றாம் குவார்ட்டரில் எங்கள் பெண்கள் தளர்ந்தார்கள். பல பயிற்சியாளர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் இரண்டு ரவுண்டு ஓடச் சொல்வார்கள். நான் ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு அனுப்பினேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கல்லூரி அணி மட்டும் இதற்கு எப்படி விதிவிலக்காக இருக்க முடியும்? குறைவு இருந்தவர்களை டாக்டரிடம் அனுப்பி, மாத்திரையும் கீரையும் ராகியும் சேர்க்கவைத்து, பயிற்சி முடிந்ததும் கையில் வேர்க்கடலை உருண்டையும் வாழைப்பழமும் கொடுத்தோம். ஹாஸ்டலில் டிபன் தீர்ந்துபோய் வெறும் வயிற்றோடு வகுப்புக்குப் போகிற பெண் மாலையில் ஓடுவாள் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். இருந்த நேரத்தில் பெரும்பகுதியைத் தடுப்பாட்டத்துக்குக் கொடுத்தேன். ஷூட்டிங் கைக்கு வர வருஷங்கள் ஆகும், டிஃபென்ஸ் ஒரு பருவத்திலேயே பலன் கொடுக்கும் என்பது என் கணக்கு. கல்லூரிப் பெண்கள் போட்டிகளில் எல்லாரும் டூ-த்ரீ ஜோன் போட்டு உள்ளே நின்றுவிடுவார்கள். எதிரணிக்குத் தூரத்திலிருந்து போட வராது என்ற தைரியம். அதில் ஆட்டங்கள் ஜெயிக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஜோன் மட்டுமே ஆடிய பெண், எதிராளியின் இடுப்பைப் பார்த்து நகரவே கற்றுக்கொள்ள மாட்டாள், பல்கலைக்கழக அணித் தேர்வில் நிற்கவும் மாட்டாள். அதனால் தசரா விடுமுறை வரை மேன் டு மேன் மட்டும்தான். ஜோன் அதற்குப் பிறகு.

இதில் எனக்கு எதிர்பாராத கஷ்டம் கால் வேகத்தில் வரவில்லை, குரலில் வந்தது. டிஃபென்ஸ் வாயால் ஆடும் ஆட்டம். பின்னால் நிற்பவள் கத்தினால்தான் முன்னால் நிற்பவளுக்கு ஸ்கிரீன் வருவது தெரியும். எங்கள் போஸ்ட் ஆட்டக்காரி எச்.டி. கோட்டைப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அணியிலேயே உயரம், நல்ல உடல்வாகு. ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். சின்ன வயதிலிருந்து "மெல்லப் பேசு" என்று கேட்டு வளர்ந்தவளை ஒரே நாளில் "கத்து" என்றால் எப்படிக் கத்துவாள்? பாஸ் பயிற்சியில் ஒரு விதி வைத்தேன். யாருக்குப் போடுகிறாயோ அவள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பந்தை விட வேண்டும். பெயர் கேட்காவிட்டால் அந்த பாஸ் செல்லாது, அணி முழுக்க மறுபடி முதலிலிருந்து. தோழிகளுக்குத் தன்னால் தண்டனையா என்ற கூச்சத்தில் அவள் முதலில் முணுமுணுத்தாள், பிறகு சொன்னாள், தீபாவளிக்குள் அவள் குரல் பக்கத்துக் கேட்டரிங் காலேஜ் காம்பவுண்டு வரை போனது. கன்னடம், தமிழ், கொடவா, மலையாளம் என்று ஆளுக்கொரு பாஷை பேசும் அணியில் பெயர்தான் எல்லாருக்கும் பொது. இந்தப் பயிற்சிக்குப் பணமும் வேண்டாம், கூடுதல் நேரமும் வேண்டாம்.

24 செகண்டுக்குள் ஷாட் போட வேண்டும் என்ற விதியையும் கவனியுங்கள். கல்லூரி கோர்ட்டில் ஷாட் கிளாக் இருக்காது. போட்டிக்குப் போனால் மேஜையில் ஸ்டாப் வாட்ச் வைத்து விசில் ஊதுவார்கள், நம் பிள்ளைகள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் போன் டைமரைக் கொடுத்து, கடைசி எட்டு செகண்டை உரக்க எண்ணச் சொல்லுங்கள். பெஞ்சுக்கும் ஒரு வேலை ஆயிற்று.

ஃப்ரீ த்ரோவைக் களைத்த நேரத்தில்தான் போட வைக்க வேண்டும். ஒரு குவார்ட்டரில் எதிரணி நான்கு ஃபவுல் செய்துவிட்டால், அதற்குப் பின் தடுப்பாட்டத்தில் செய்யும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் நமக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. அது வருவது மூச்சு வாங்கும் நேரத்தில். பயிற்சியின் ஆரம்பத்தில் தெம்பாக நின்று பத்துக்கு எட்டு போடுவது கணக்கில் வராது. ஷட்டில் ஓடிவிட்டு வந்து இரண்டே இரண்டு போட வேண்டும், எல்லாரும் பார்க்க. 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த பெண்கள் ஆசியக் கோப்பை பி பிரிவின் இறுதியாட்டத்தில் இந்தியா கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்தது. வித்தியாசம் இரண்டே புள்ளி. அந்த ஸ்கோரைத் தாளில் எழுதி கோர்ட் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். அந்த அணியில் ஆடிய சென்னையின் அனிதா பால்துரை குழந்தை பெற்ற பிறகு திரும்பி வந்து ஆடியவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றவர். படிப்பு முடிந்தால் ஆட்டமும் முடிந்தது என்று நினைக்கும் பெண்களிடம் அவரைப் பற்றி அவசியம் சொல்லுங்கள்.

பயிற்சி ஆட்டங்களை நாமேதான் தேடிப்போக வேண்டும். கல்லூரி அணிகளுக்குள் ஆட ஒருவருக்கொருவர் தயங்குவார்கள், தங்கள் ஆட்டம் வெளியே தெரிந்துவிடுமோ என்று. ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு ஆடுங்கள். வேகத்திலும் உயரத்திலும் கல்லூரிப் பெண்களுக்குச் சரியான ஜோடி, ரீபவுண்டில் விட்டுக்கொடுக்கவும் மாட்டார்கள். ஒரு ஞாயிறு பைலகுப்பேவுக்குப் போனோம். 1961-ல் குடியேறிய திபெத்தியர்களின் ஊர், அங்கே பிள்ளைகள் கூடைப்பந்தைக் கொண்டாடுகிறார்கள். உயரம் அதிகம் இல்லாதவர்கள் பாஸிலும் கட் செய்து ஓடுவதிலும் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று எங்கள் பாயின்ட் கார்டு அன்றைக்குப் பார்த்துக் கற்றது, நான் ஒரு மாதம் சொன்னதைவிட அதிகம்.

தசரா வந்தால் மைசூரில் ஹாஸ்டல் காலியாகிவிடும். திரும்பி வரும்போது பாதி உடற்தகுதி போயிருக்கும். வீட்டில் கோர்ட் இருக்காது, ஓட விடமாட்டார்கள். ஆளுக்கு ஒரு ஸ்கிப்பிங் கயிறு கொடுத்தனுப்புங்கள். மொட்டை மாடி போதும்.

போட்டி நாளில் டைம் அவுட் 60 செகண்ட். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. அதில் ஐந்து பேர் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்வதைப் பல அணிகளில் பார்க்கிறேன். நாங்கள் முதலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்போம், யாரும் பேச மாட்டோம். பிறகு நான் ஒரே ஒரு விஷயம் சொல்வேன், கேப்டன் அதைத் திரும்பச் சொல்வாள். அவ்வளவுதான். மூச்சு வாங்குகிற பிள்ளைக்கு இரண்டாவது விஷயம் காதில் ஏறாது.

அந்த வருஷம் நாங்கள் லீக் சுற்றுக்குப் போய் மூன்றாவதாக வந்தோம். இறுதியில் ஜெயித்த அணிக்கு எதிராக மூன்றாம் குவார்ட்டர் முடியும் வரை முன்னிலையில் இருந்தோம், கடைசியில் அவர்களுடைய ஷூட்டர் ஒருத்தி கை திறந்துவிட்டாள். எச்.டி. கோட்டைப் பெண் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, தென்மண்டலப் போட்டிக்குப் போனாள். அணியில் யாருக்கும் முழங்காலில் அடி இல்லை, யாரும் பாதியில் விட்டுப்போகவும் இல்லை. எனக்கு இது நல்ல பருவம்.

ஆனால் பருவம் முடிந்ததும் எல்லாக் கல்லூரிகளிலும் கேட்கிற கேள்வி எங்களுக்கும் வந்தது: கோப்பை எங்கே? பல கல்லூரிகளில் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அடுத்த ஜூனில் வேறு பயிற்சியாளர் வருகிறார், பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். ஜான் உட்டன் யுசிஎல்ஏ-வில் சேர்ந்தது 1948-ல். முதல் தேசியப் பட்டம் வென்றது 1964-ல். அதையும் சேர்த்து 1975-க்குள் மொத்தம் பத்துப் பட்டங்கள். பதினாறு வருஷம் யாரும் கொடுக்க வேண்டாம். முதலாண்டில் சேரும் ஒரு பெண் பட்டம் வாங்கிப் போகும் வரையாவது, மூன்று வருஷம், ஒரே பயிற்சியாளரிடம் அணியை விட்டுவையுங்கள். நியமனத்தைப் போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் செய்யாமல் ஜூன் மாதத்திலேயே செய்யுங்கள். கோர்ட்டுக்கு இரண்டு விளக்குப் போட்டுக்கொடுங்கள், மாலை லேப் முடிந்து வருகிற பெண்களும் ஆடட்டும். கல்லூரி முதல்வர்களிடமும் விளையாட்டுக் குழுவினரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்.