வாளுக்கு ஊர் எது?

நம் பிள்ளைகளின் வகுப்பில் முஹன்னத் என்றொரு மாணவன் இருக்கக்கூடும். இந்திய எஃகால் ஆன வாள் என்பதே அரபியில் அப்பெயரின் பொருள். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தியாவும், சரந்தீப் எனப்பட்ட இலங்கையும் இடம்பெறுகின்றன.

அந்த எஃகு நாம் உருக்கு என்று சொல்வதுதான். இரும்பை மரக்கட்டை, இலைகளுடன் மண் மூசையில் இட்டு, மூடி, உருக்கி மெல்ல ஆறவிடுவார்கள். பழைய தென்னாற்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் இத்தகைய மூசைகளின் உடைசல்கள் கிடைத்துள்ளன. உருக்குக் கட்டிகள் கப்பலேறிப் பாரசீகம் வரை போயின. அங்குள்ள கொல்லர்கள் அவற்றை வாளாக அடித்தார்கள்.

எனவே ஒரு பழைய வாளைக் கண்டால், எஃகு எங்கே உருகியது, அலகு எங்கே அடிக்கப்பட்டது, பிடி எங்கே பூட்டப்பட்டது என்று மூன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். (சூக்கில் கடைக்காரர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லிவிடுவார்!) அலகைச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் நீரோட்டம் போன்ற வரிகள் தெரியலாம். அது மூசை எஃகுக்கு அடையாளம். அடித்த ஊருக்கு அல்ல. பிடியோ பலமுறை மாறியிருக்கும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள தஞ்சை அரண்மனை ஆயுதங்களில், நம்மூர்ப் பிடியில் ஐரோப்பிய அலகு பூட்டிய கட்டாரிகள் உண்டு.

பெயர் பொறித்திருந்தால் போதாதா? போதாது. இஸ்பஹான் நகரத்து அசதுல்லா என்ற கொல்லரின் பெயர் எண்ணற்ற வாள்களில் காணப்படுகிறது. அவற்றிலுள்ள ஆண்டுகளோ ஒரு மனிதரின் ஆயுளுக்குள் அடங்காதவை. புகழ்பெற்ற பெயரைப் பிறரும் பொறித்துக்கொண்டார்கள். ஓடும் ஓநாய் முத்திரையும் அப்படியே. ஜெர்மனியின் பாஸாவ், சோலிங்கன் கொல்லர்களுடைய அந்த முத்திரையைப் பிற நாட்டாரும் வெட்டினார்கள்.

ஊரில் நம் வீட்டுப் பரணிலோ குலதெய்வத்தின் சந்நிதியிலோ பழைய வாள் இருந்தால், ஆயுத பூஜைக்கு முன் எலுமிச்சம்பழமும் சாம்பலும் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று பெரியவர்களிடம் சொல்லுங்கள். வரிகள் மங்கினால் கைதேர்ந்தவர் மீட்டுத் தரலாம். தேய்ந்துபோன தங்க எழுத்து திரும்பாது. உலர்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் லேசாகப் பூசினால் போதும். சந்தனம், குங்குமத்தைப் பிடியில் வைக்கலாம்.

அதை இங்கே கொண்டுவரவும் எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துச் செல்லக் கூடாது. விடுமுறையில் போகும்போது அலகின் இரு பக்கத்தையும், பிடி சேருமிடத்தையும் சாய்ந்த வெளிச்சத்தில் படம் எடுத்து வாருங்கள்.