டம்ளருக்கு எத்தனை கிராம்?

வீட்டிலேயே கேக் செய்து கொடுக்கத் தொடங்கியதிலிருந்து, எங்கள் ஊரான அணைக்கட்டில் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “அக்கா, 250 கிராம் மைதான்னா எத்தனை டம்ளர்?” ஷூ கம்பெனி வேலைக்குப் போய்வரும் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் ஆசைப்பட்டதைச் செய்து பார்க்க நேரம் கிடைக்கிறது. செல்போனில் பார்க்கும் குறிப்பு கிராமில் பேசுகிறது. வீட்டில் இருப்பதோ ஒரு டம்ளரும் ஒரு ஆழாக்கும். காசு போட்டு வாங்கிய வெண்ணெயும் முட்டையும் வீணாகிவிடக் கூடாதே என்ற கவலை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அதனால் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.

டம்ளர் அளப்பது இடத்தை. தராசு அளப்பது கனத்தை. ஒரே டம்ளரில் தேனை நிரப்பினால் ஒரு எடை, கடலைமாவை நிரப்பினால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் எடை. ஆகவே “ஒரு கப் என்றால் இத்தனை கிராம்” என்று எல்லாவற்றுக்கும் பொதுவான எண் கிடையாது. ஒவ்வொரு பொருளுக்கும் தனி எண் உண்டு. அந்த எண்களை உங்கள் வீட்டு டம்ளரை வைத்தே கண்டுபிடித்து எழுதிக்கொண்டால், எந்த ஊர்க் குறிப்பாக இருந்தாலும் தைரியமாகச் செய்யலாம்.

படி ஏன் போதுமானதாக இருந்தது?

எங்கள் பக்கத்தில் எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். எடைக்குப் பலமும் வீசையும் இருந்தன. நாற்பது பலம் ஒரு வீசை, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.4 கிலோ. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951-இல் வெளிவந்தது. நாடு முழுவதையும் மெட்ரிக் அளவுக்கு மாற்றிய எடை, அளவைச் சட்டம் 1956-இல்தான் வந்தது. பாட்டி வாயில் ஆழாக்கும், பேத்தி கையிலிருக்கும் போனில் கிராமும் இருப்பது இதனால்தான்.

படியை மட்டும் வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இட்லி பிசகாமல் வந்திருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அரிசியும் உளுந்தும் ஒரு டம்ளருக்கு ஏறத்தாழ ஒரே எடைதான். நாலுக்கு ஒன்று என்று டம்ளரில் அளந்தாலும், கிலோவில் நிறுத்தாலும் விகிதம் மாறாது. ஜவ்வாது மலைச் சாமையும் அப்படித்தான். தானியம் அமுங்காது, யார் அளந்தாலும், எப்படி அள்ளினாலும் படியில் ஏறக்குறைய அதே அளவே நிற்கும். “அரிசிக்கு எதுக்கும்மா தராசு?” என்று என் மாமியார் சொல்வது முழுக்க நியாயம். மைதா, கோகோ பவுடர், பொடித்த சர்க்கரை என்று மாவுப் பொருள்கள் அடுப்படிக்கு வந்த பிறகுதான் தராசுக்கு வேலை வந்தது.

முதல் வேலை, டம்ளரை அளப்பது

‘கப்’ என்று குறிப்பில் இருந்தால் எந்த நாட்டுக் கப் என்று பாருங்கள். அமெரிக்கக் கப் ஏறக்குறைய 240 மி.லி., ஆஸ்திரேலியக் கப் 250 மி.லி., ஜப்பானில் 200 மி.லி. ரைஸ் குக்கருடன் வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மி.லி. தான். டேபிள்ஸ்பூன் பல நாடுகளில் 15 மி.லி., ஆஸ்திரேலியாவில் 20 மி.லி. டீஸ்பூன் 5 மி.லி.; இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் கோடு போட்டிருப்பதை வைத்து உங்கள் வீட்டு ஸ்பூனைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

டிஜிட்டல் தராசு இருந்தால் டம்ளரின் கொள்ளளவை அறிவது நொடி வேலை. காலி டம்ளரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, அத்தனை மி.லி. உங்கள் டம்ளர். தண்ணீருக்கு மட்டும் கிராமும் மி.லி.யும் ஒன்றே. சொந்தத் தராசு இல்லையென்றால், தெரிந்த மளிகைக் கடையில் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒருமுறை அளந்தால் அந்த டம்ளர் இருக்கும்வரை உதவும்.

மைதாவிடம் எச்சரிக்கை

இங்கேதான் பெரும்பாலானவர்களின் கேக் கல்லாகிறது. டப்பாவுக்குள் டம்ளரை விட்டு அப்படியே அள்ளினால் மாவு உள்ளே அமுங்கி ஏறும். 200 மி.லி. டம்ளரில் 120 கிராமுக்கு மேல் நிற்கும். அதே மாவைக் கரண்டியால் கிளறிவிட்டு, ஸ்பூன் ஸ்பூனாக டம்ளரில் தூவி, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 104 கிராம்தான் வரும். டம்ளரைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினால் மாவு விரலளவு கீழே இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்கிய இடத்தை மறுபடி நிரப்பினால் எடை ஏறிவிடும்.

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். 250 கிராம் மைதா, தூவி அளந்தால் இரண்டரை டம்ளருக்குச் சற்றுக் குறைவு. அள்ளி எடுத்த இரண்டரை டம்ளரோ 300 கிராமைத் தாண்டிவிடும். முட்டை, வெண்ணெய், பால் எல்லாம் 250-க்கு அளந்தவை. மாவு மட்டும் 50 கிராம் கூடுதல். ஓவனையோ பேக்கிங் பவுடரையோ குறை சொல்லிப் பயனில்லை.

அமெரிக்காவில் ஃபேனி ஃபார்மர் என்ற சமையல் ஆசிரியை 1896-இல் வெளியிட்ட பாஸ்டன் சமையற்பள்ளிப் புத்தகம்தான், தலைதட்டி அளக்கும் பழக்கத்தை அந்த நாட்டு வீடுகளில் பரப்பியது. நம்மிடம் அரிசிக்குத் தலைதட்டும் பழக்கம் முன்பே உண்டு. அதை மாவுக்கும் கொண்டுவந்தால் போதும்.

என் அலமாரிக் கதவில் ஒட்டியிருப்பது

200 மி.லி. டம்ளர், தலைதட்டி அளந்தால், சுமாராக:

மைதா (தூவி அளந்தது) – 104 கிராம்
கேழ்வரகு மாவு – 110 கிராம்
கடலைமாவு – 90 கிராம்
கடை அரிசி மாவு – 125 கிராம்
ரவை – 140 கிராம்
சர்க்கரை – 170 கிராம்
பொடித்த சர்க்கரை – 100 கிராம்
கோகோ பவுடர் – 75 கிராம்
சீரகச் சம்பா அரிசி – 167 கிராம்
உளுந்து – 167 கிராம்
துருவிய தேங்காய் (அமுக்காமல்) – 75 கிராம்
பால், தயிர் – 205 கிராம்
உருக்கிய நெய், எண்ணெய் – 182 கிராம்
தேன் – 280 கிராம்

சர்க்கரையையும் பொடித்த சர்க்கரையையும் பாருங்கள். பொருள் ஒன்றுதான், பொடித்ததும் டம்ளருக்கு 70 கிராம் குறைந்துவிட்டது. குறிப்பில் “ஒரு கப் பொடித்த சர்க்கரை” என்றால் பொடித்த பிறகு அளக்க வேண்டும். பருப்பும் அப்படியே: வேகவைக்கும் முன்பு ஒரு கப்பா, வெந்த பருப்பு ஒரு கப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெல்லத்துக்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை. பெரிய கட்டிகளுக்கு நடுவே காற்று நிற்கும், நுணுக்கினால் அமுங்கும். வெல்லத்தை நிறுத்துத்தான் போட வேண்டும்.

இந்த எண்களை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, உங்கள் கையால் ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்து சராசரியை எழுதிக்கொள்வது நல்லது. மாவரைக்கும் மில்லின் நைசு மாறினால் எடை மாறும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிய மாவும் சித்திரை வெயிலில் காய்ந்த மாவும் ஒன்றல்ல.

பாக்கெட்டே சொல்லும் கணக்கு

எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டர் என்பதோடு அதன் எடையும் அச்சாகியிருக்கும். பெரும்பாலும் 910 கிராமை ஒட்டி. ஒரு லிட்டர் நெய்யில் 905 கிராம் என்றிருக்கும். ஆகவே 200 கிராம் நெய் வேண்டுமென்றால் 220 மி.லி. அளக்க வேண்டும். மார்கழியில் உறைந்த நெய்யை ஸ்பூனால் கோரினால் இடையில் காற்று நின்று ஏமாற்றும். லேசாக உருக்கிவிட்டு அளங்கள். வெண்ணெய்க்கு அளவே வேண்டாம். 500 கிராம் கட்டியைக் கத்தியால் ஐந்தாக வெட்டினால் நூறு நூறு கிராம். ஓட்டை நீக்கிய நடுத்தர முட்டை ஒன்று ஏறக்குறைய 50 கிராம்.

பிரியாணிக்கு வந்தால்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாணத்துக்குத் தேக்சா ஏற்றும் பண்டாரி பாய்கள் இன்றும் படியில்தான் பேசுகிறார்கள். “அஞ்சு படி போடலாம்மா, படிக்கு ஒண்ணரைக் கிலோன்னு கறி எடுத்துக்கோங்க” என்பார்கள். அவர்களுடைய படியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ அரிசி நிற்கும். கறியும் அதே எடை. படி ஊருக்கு ஊர் மாறும் என்பதால், சாமான் வாங்கும் முன் அவருடைய படியில் எத்தனை கிலோ பிடிக்கும் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வீட்டுக் குக்கரில் செய்கிறவர்கள் தடுமாறுவது தண்ணீரில். சீரகச் சம்பாவுக்கு “ஒன்றுக்கு ஒன்றரை” என்றால், ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர். ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் என்று எடுத்துக்கொண்டால் அரிசி நறுக்கென்று நிற்கும். ஒரு கிலோ சீரகச் சம்பா ஆறு டம்ளர். அதற்கு ஒன்பது டம்ளர், அதாவது 1.8 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆம்பூர் முறையில் அரிசியைத் தனியாக அரைவேக்காடு வேகவைத்து வடித்துவிட்டுத் தம் போடுவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதில்லை.

காய்ந்த மிளகாய் விழுதையும் ஸ்பூனில் நம்ப வேண்டாம். எவ்வளவு தண்ணீர் விட்டு அரைத்தோம் என்பதைப் பொறுத்துக் காரம் மாறும். ஊறவைக்கும் முன்பே காய்ந்த மிளகாயை நிறுத்துவிட்டால், விழுது எப்படி வந்தாலும் காரம் ஒன்றே. தொட்டுக்கொள்ளச் செய்யும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் கப் கணக்கு உதவவே உதவாது. எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய், 2023-இல் ‘வேலூர் முள்ளுக் கத்தரி’ என்று புவிசார் குறியீடு பெற்றது. அதை டம்ளரில் போட்டு யார் அளப்பது? காயை எடையிலும் எண்ணிக்கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். புளிக்கு நம் பெரியவர்கள் சொன்ன எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு என்பது நல்ல கணக்கு. எலுமிச்சை அளவு உருண்டை என் தராசில் 25 முதல் 30 கிராம். பெரிய பாத்திரத்தில் சமைக்கும்போது அந்த எண் கைகொடுக்கும்.

ஸ்பூன் ஜெயிக்கும் இடம்

வீட்டுத் தராசு ஒரு கிராம் வரைதான் காட்டும். மூன்று கிராம் சோடா உப்பைப் போட்டால் அது இரண்டு என்றும் நான்கு என்றும் மாறிமாறிக் காட்டலாம். சிறிய அளவுகளில் தலைதட்டிய டீஸ்பூனே நம்பகமானது. பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம், சோடா உப்பு 5 கிராம், பொடி உப்பு 6 கிராம். கல் உப்பு ஸ்பூனில் இடைவெளி விட்டு நிற்பதால் எடை குறையும். பொடி உப்புக்கு எழுதிய குறிப்பில் கல் உப்பைப் போடுவதானால் இடித்துப் போடுங்கள்.

டேனரியில் படித்த பாடம்

என் வீட்டுக்காரர் டேனரியில் வேலை பார்க்கிறார். சுண்ணாம்பு போட்டுச் சவ்வு நீக்கிய தோலை அங்கே முதலில் நிறுப்பார்கள். அதன்பின் டிரம்மில் சேர்க்கும் எல்லா மருந்தும் அந்த எடையில் இத்தனை சதவீதம் என்றே கணக்கு. குரோம் 8 சதவீதம் என்றால் 1,000 கிலோ தோலுக்கு 80 கிலோ. தோல் கூடினாலும் குறைந்தாலும் சதவீதம் மாறாது.

பேக்கரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதும் இதேதான். அவர்களுக்கு மாவுதான் நூறு. ரொட்டிக்கு மைதா 100 என்றால் தண்ணீர் 60 முதல் 65, உப்பு 2, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1. அரைக் கிலோ மைதாவுக்குத் தண்ணீர் 300 முதல் 325 மி.லி., உப்பு 10 கிராம், ஈஸ்ட் 5 கிராம். ஸ்பூனில் சொன்னால் உப்பு ஒன்றரை டீஸ்பூனுக்குச் சற்று மேல், ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூன்.

பவுண்டு கேக்கில் மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் சம எடை. பழைய நாளில் ஒவ்வொன்றிலும் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் போட்டதால் வந்த பெயர். வீட்டுக்கு 200 கிராம் வீதம் போதும்: தூவி அளந்த மைதா இரண்டு டம்ளருக்குச் சற்றே குறைவு, சர்க்கரை ஒரு டம்ளரும் இரண்டரை டேபிள்ஸ்பூனும், வெண்ணெய் 500 கிராம் கட்டியில் ஐந்தில் இரண்டு பங்கு, முட்டை நான்கு. முதல்முறை கேக் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் எழுதிக் கொடுக்கிறேன். எண்ணை நினைவில் வைக்க வேண்டியதில்லை. “நான்கும் சமம்” என்பது மட்டும் மனதில் நின்றால் போதும்.

முந்நூறு, நானூறு ரூபாய்க்குச் சமையலறைத் தராசு கிடைக்கிறது. வீணாகும் ஒரு கேக்கின் சாமான் செலவே அதற்குக் கிட்ட வந்துவிடும். தெருவுக்கு ஒரு தராசு வாங்கி நாலு வீடு சேர்ந்து பயன்படுத்தினாலும் நல்லதுதான். தராசு கைக்கு வரும் நாளில் ஒரு டம்ளரைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை வேறு எதற்கும் புழங்காதீர்கள். மைதா, சர்க்கரை, ரவை, அரிசி என்று நீங்கள் அடிக்கடி எடுக்கும் பொருள்களை மட்டும் அதில் அளந்து நிறுத்து எழுதிவிடுங்கள். அரைமணி நேர வேலை. பிறகு தராசைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாலும் உங்கள் கையில் கணக்கு இருக்கும்.