ஸ்டாண்டில் விட்ட வண்டிக்கு யார் பொறுப்பு?

ரயிலடியில் வண்டி ஸ்டாண்டு நடத்தும் சகோதரர் ஒருவர் நம்மிடம் ஒரு மஸ்அலா கேட்டார். டோக்கனைத் தொலைத்துவிட்டதாகச் சொன்ன ஒருவனை நம்பி, ஒரு மோட்டார் சைக்கிளை அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார். மாலையில் டோக்கனோடு உடையவர் வந்து நின்றார். அவர் அந்த வண்டியில் துணி மூட்டை ஏற்றி ஊர் ஊராக விற்றுப் பிழைப்பவர். "வண்டிகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று பலகை மாட்டியிருக்கிறேனே, நான் நஷ்டஈடு கொடுக்கத்தான் வேண்டுமா?" என்பது கேள்வி.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, வாங்கிய காசு எதற்கு என்பதே. சில இடங்களில் நாமே வண்டியை நிறுத்திப் பூட்டி, சாவியையும் எடுத்துப் போகிறோம். காவல் காப்பதாக யாரும் ஏற்பதில்லை. அது இடத்தை வாடகைக்கு எடுக்கும் இஜாரா மாத்திரமே. அங்கே களவு போனால் இடத்துக்காரர் மீது ளமான் இல்லை. டோக்கன் கொடுத்து, டோக்கனைக் கண்டபின்தான் வண்டியை வெளியே விடுவது என்பது வழக்கமாக இருந்தால் அது வேறு. அங்கே வண்டி அவர் கையில் வதீஆ, அதாவது அமானிதமாகி விடுகிறது.

இது புதிய பிரச்சினை என்று எண்ண வேண்டாம். மோட்டார் வண்டி இல்லாத காலத்திலேயே நம் ஃபுகஹாக்கள் இதைப் பேசிவிட்டார்கள். ஹம்மாமில் குளிக்கப் போகிறவர் கழற்றி வைத்த துணி களவு போனால் என்ன ஹுக்மு? பார்த்துக்கொள்ளும்படி சொல்லி, ஹம்மாம்காரர் அதை ஏற்றிருந்தாலே அவர் மீது பொறுப்பு வரும். பிரயாணி சத்திரத்தில் கழுதையைக் கட்டி, "வெளியே போகாமல் பார்த்துக்கொள்" என்கிறார். சத்திரக்காரர் வழக்கம்போலக் கவனித்தும் ஏதோ ஒரு கணத்தில் அது போய்விட்டால் அவர் மீது குற்றமில்லை என்று ஷாஃபிஈ கிதாபுகள் கூறுகின்றன. 'வழக்கமான காவல்' என்பதே இங்கு அளவுகோல். கண் இமைக்காமல் காக்கும்படி ஷரீஅத்து யாரையும் கேட்கவில்லை.

ஆகவே அமானிதக்காரர் வரம்பு மீறாமலும் அசட்டை செய்யாமலும் இருக்கப் பொருள் அழிந்தால், அவர் ஈடு கட்டத் தேவையில்லை. கூலி வாங்கிக் காப்பவர் விஷயத்தில் ஹனஃபீ மத்ஹபு கூடுதலாக இறுக்குகிறது. 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசில் தொகுக்கப்பட்ட 'மஜல்லா'வின் 777-ஆம் விதி, திருட்டுப் போலத் தடுக்கக் கூடிய காரணத்தால் கூலிக்காவலில் உள்ள பொருள் தொலைந்தால் ஈடு உண்டு என்கிறது.

சகோதரர் விஷயத்தில் இந்தக் கருத்து வேறுபாடுகூடக் குறுக்கே வரவில்லை. உடையவரின் அனுமதியின்றி அமானிதத்தைப் பிறர் கையில் கொடுப்பது வரம்பு மீறலே. ஏமாந்து கொடுத்தாலும் ளமான் நீங்காது. தவறுதலாகச் செய்ததால் பாவம் நீங்கலாம், அவ்வளவே. அந்த மோட்டார் சைக்கிள் அன்றிருந்த நிலையில் சந்தையில் என்ன பெறுமோ அதை அவர் கொடுக்க வேண்டும். புது வண்டியின் விலையை அல்ல. பின்னர் திருடன் அகப்பட்டால் அவனிடம் வசூலித்துக் கொள்ளலாம்.

பலகை? கடன் உண்டாவதற்கு முன்பே அதை மன்னிப்பது செல்லாது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம். உடையவர் பலகையைப் படித்தே வண்டியை விட்டிருந்தாலும், பின்னால் நேரும் அசட்டைக்கு அது மன்னிப்பாகாது. நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளை, நிதானமுள்ள ஒருவர் தம் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கச் சொல்கிறது. 1998-ல் டில்லி ஹோட்டல் ஒன்றில் சாவியோடு ஒப்படைத்த கார் களவு போன வழக்கில், 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டுவிட்டு ஹோட்டல் தன் அசட்டையிலிருந்து தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஸ்டாண்டுக்காரரோ அவர் பையனோ, விட்டுப்போன வண்டியில் ஏறி டீக்கடை வரை போய்வருவதும் நாம் காண்பதுதான். அதுவும் வரம்பு மீறலே. ஓட்டும்போது நேர்ந்த சேதத்துக்கு ஈடு உண்டு என்பதில் ஐயமில்லை. திரும்பக் கொண்டுவந்து நிறுத்திய பிறகு தொலைந்தால்? அமானிதத் தன்மை திரும்பிவிடும் என்பர் ஹனஃபீகள். திரும்பாது, பொறுப்பு நீடிக்கும் என்பர் ஷாஃபிஈகள்.

இனி வண்டி விடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் வண்டியை எடுக்கும்போது பக்கத்து வண்டியின் கண்ணாடி உடைந்தால், வரிசையே சாய்ந்து விழுந்தால், அது நம் மீதுள்ள கடன். வேண்டுமென்றே செய்யவில்லை என்பதும், யாரும் பார்க்கவில்லை என்பதும் கடனைக் குறைக்காது. சேதத்தால் அந்த வண்டியின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு கொடுக்க வேண்டும். உடையவர் இல்லையென்றால் பெயரும் விலாசமும் எழுதி வண்டியில் செருகி, ஸ்டாண்டுக்காரரிடமும் சொல்லி வர வேண்டும். சிறுபிள்ளை தள்ளிவிட்டாலும் ஈடு உண்டு. அது பிள்ளையின் சொத்திலிருந்து கொடுக்கப்படும். பிள்ளைக்குச் சொத்தில்லை என்று தகப்பனார் சும்மா இருந்துவிடாமல், தாமே கொடுத்துத் தீர்ப்பது நல்லது.