வீட்டு வரி: அறிவித்தலைப் படித்து அறிவோம்

வட்டகொடைக்கும் தலவாக்கலைக்கும் இடையில் புதிதாகக் குடியேறிய சில குடும்பங்களுடன் ஒரு மாலையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஒரு தாய், பையில் மடித்து வைத்திருந்த கடிதம் ஒன்றை எம்மிடம் நீட்டினார். "இது காணியப் புடுங்குற கடுதாசிங்களா ஐயா?" என்று கேட்டார். வாசித்துப் பார்த்தோம். அது வீட்டு வரி மதிப்பீட்டு அறிவித்தல். மதிப்பீடு பிழையென்றால் எழுத்தில் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்று அதன் அடியில் இருந்தது. அதற்கான கடைசித் திகதி கடந்து பதினொரு நாள் ஆகியிருந்தது.

அத்தாயைக் குறை கூற முடியாது. லயன் காம்பிராவுக்கு வரி அறிவித்தல் வந்ததில்லை. தனி விலாசமும் இல்லை, கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வந்தன. கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக வயலை விட்டுப் போனவர்களும், 2012இல் மின் உற்பத்தி தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் வீடு மாறியவர்களும், 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தை மண்சரிவில் எல்லாம் இழந்தவர்களும் புதிய இடத்துக்குப் போனபோது புதிய கடதாசிகளைச் சந்தித்தார்கள். அவற்றில் இதுவும் ஒன்று.

இதனை மதிப்பீட்டு வரி, ஆதன வரி, சோலைவரி என்று பலவாறு சொல்வர். எல்லாம் ஒன்றுதான். மாநகர சபையும் நகர சபையும் பிரதேச சபையும் இதனை அறவிடலாம். ஆனால் பிரதேச சபை தன் எல்லை முழுவதிலும் அறவிடுவதில்லை. அபிவிருத்தியடைந்த பகுதி என்று முறைப்படி பிரகடனம் செய்த இடங்களில் மட்டுமே அறவிடுகிறது. வெளியே பயிர் செய்யப்படும் பெரிய காணிகளுக்கு ஏக்கர் வரி என்று வேறொன்று உண்டு. ஆகவே உங்கள் வீடு எந்தச் சபையின் எல்லையில் இருக்கிறது, அந்த இடம் பிரகடனம் செய்யப்பட்டதா என்று முதலில் கேட்டறியுங்கள். தலவாக்கலையில் நகர சபை. அதன் எல்லையைத் தாண்டினால் பிரதேச சபை. சில இடங்களில் ஒரே பாதையின் இருபுறமும் இரு சபைகளாக இருக்கும். கிராம உத்தியோகத்தரிடம் கேட்டால் தெரிந்துகொள்ளலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். வீட்டை விற்றால் என்ன விலை கிடைக்கும் என்பது இங்கே கேள்வியல்ல. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்தில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. அத்தொகைக்கு ஆண்டுப் பெறுமதி என்று பெயர். அதில் நூற்றுக்கு இத்தனை வீதம் வரி என்று சபை தீர்மானிக்கிறது. ஓர் உதாரணம்: ஆண்டுப் பெறுமதி 6,000 ரூபா, வரி 5 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருட வரி 300 ரூபா. நான்கு காலாண்டாகப் பிரித்தால் 75 ரூபா வீதம். முழுத் தொகையையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்து கழிவு. 270 ரூபா கட்டினால் போதும். காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டுபவருக்கு அந்தக் காலாண்டுக்கு ஐந்து வீதம் கழிவு உண்டு.

வீதத்தைப் பற்றி ஒருவர் தனியாக வாதாடிப் பயனில்லை. ஆண்டுப் பெறுமதியைப் பற்றித்தான் வாதாட வேண்டும். பெறுமதியை மதிப்பவர் பெரும்பாலும் அரசாங்க மதிப்பீட்டுத் திணைக்களத்தின் உத்தியோகத்தர். அவர் அளவு நாடாவுடன் வந்து தரை, கூரை, தண்ணீர், மின்சாரம், பாதை வசதி எல்லாவற்றையும் குறிப்பார். அவரைக் கண்டதும் கதவைச் சாத்துகிற வழக்கம் எம்மிடையே உண்டு. அது தவறு. உள்ளே வரச் சொல்லுங்கள். அரைகுறையாக நிற்கும் அறையை, இன்னும் வராத தண்ணீர்க் குழாயை, வெடித்த சுவரைக் காட்டுங்கள். கதவு சாத்தியிருந்தால் வெளியே தெரியும் புதுத் தகரக் கூரையை வைத்துத்தான் அவர் கணக்குப் போடுவார்.

ஆட்சேபனையில் என்ன எழுதுவது? "எமக்கு வசதியில்லை, குறைத்துத் தாருங்கள்" என்றே பலர் எழுதுகிறார்கள். உண்மைதான், ஆனாலும் அது பெறுமதியைப் பற்றிய காரணமாகாது. வாடகையை நினைத்து எழுதுங்கள். இல்லாத அறையைச் சேர்த்திருக்கிறார்கள், இதே அளவான பக்கத்து வீட்டுக்குக் குறைவாக மதித்திருக்கிறார்கள், மழைக்காலத்தில் பாதையே இல்லை என்று எழுதலாம். உங்கள் சரிவு மண்சரிவு அபாயமுள்ளது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எழுத்தில் அறிவித்திருந்தால் அதன் பிரதியையும் இணையுங்கள். அப்படிப்பட்ட வீட்டை யார் அதிக வாடகை கொடுத்து எடுப்பார்? கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒரு பிரதியை வைத்திருங்கள். அறிவித்தலில் குறித்த திகதிக்குள் அது போய்ச் சேர வேண்டும்.

கட்டாமல் விட்டால் நிலுவையோடு வாரண்டுச் செலவும் சேரும். வீட்டுப் பொருட்களைக் கைப்பற்றி விற்கவும் சபைக்கு அதிகாரம் உண்டு. நிலுவை ஆளோடு போவதில்லை, ஆதனத்தோடு நிற்கும். வீடு வாங்குபவர் பழைய பற்றுச்சீட்டுகளைக் கேட்டுப் பார்ப்பது இதனால்தான்.

இங்கே ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். வரிப் பற்றுச்சீட்டு காணி உறுதியாகாது. சபையின் இடாப்பில் உங்கள் பெயர் இருப்பதால் மட்டும் நீங்கள் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பெரும்பாலான தோட்டக் காணி அரசுடையது. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோதும் காணியின் உரிமை மாறவில்லை. ஆதலால் பற்றுச்சீட்டைக் காட்டி 7 பேர்ச் காணியை "விற்க" வருபவரிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். ஆயினும் பற்றுச்சீட்டைக் குப்பையில் போடவும் வேண்டாம். நீங்கள் இந்த இலக்கத்தில், இத்தனை வருடமாக இருக்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சி. தோட்டத்தின் பெயரையே விலாசமாகச் சொல்லி வந்தவர்களுக்கு அது சிறிய விடயமல்ல.

உள்ளூர்ச் சபைகளோடு எமது உறவு நீண்ட காலம் அறுந்தே இருந்தது. 1937இல் கிராம சபைச் சட்டம் திருத்தப்பட்டபோது தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளருக்கு அதில் வாக்கு இல்லாமற் போயிற்று. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை பணம் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. இன்று வரி கட்டுபவர், கட்டிய வரிக்குக் கானும் தெருவிளக்கும் எங்கே என்று சபையில் எழுத்தில் கேட்கலாம். கேட்கும் கடிதத்தில் வரி இலக்கத்தையும் குறிப்பிடுங்கள்.

அந்தத் தாயுடன் நாமும் சபைக் காரியாலயத்துக்குச் சென்றோம். அந்த வருடத்துக்கான ஆட்சேபனை ஏற்கப்படவில்லை. ஆனால் இடாப்பில் அவருடைய கணவரின் பெயர் பிழையாக இருந்ததைத் திருத்திக் கொடுத்தார்கள். அடுத்த அறிவித்தலுக்காக அவர் எழுதிய கடிதத்தின் நகல் இப்போது அவர் வீட்டுச் சுவரில், கலண்டரின் பின்னால் செருகியிருக்கிறது. தேதியிடும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்.