பிளைவுட் பலகை: தரம் பார்த்து வாங்குவீர்



வீடு கட்டும்போதும், விதை வைக்கும் அறைக்குப் பரண் போடும்போதும் பிளைவுட் வாங்குகிறோம். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள பலகைகள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால், இடத்திற்கு ஏற்ற தரம் இல்லையெனில் மழைக்காலத்தில் உப்பிப் பிரிந்து, விளைச்சல் விற்ற பணம் வீணாகும்.

மலைவேம்பு, தைலமரம் போன்ற மரங்களை மெல்லிய ஏடுகளாக உரித்து, இழைகள் மாறி மாறிக் குறுக்காக அமையுமாறு அடுக்கி, பசையிட்டுச் சூட்டில் அழுத்தி இப்பலகை செய்யப்படுகிறது. ஈரத்தில் ஏடுகள் பிரியாதிருப்பது பசையைப் பொறுத்தது.

தரங்கள்

1. எம்.ஆர்.: கடைகளில் 'கமர்சியல்' என்பர். பசைக்கு மூலப்பொருள் யூரியா. காற்றின் ஈரத்தைத் தாங்கும், நனைந்தால் தாங்காது. உலர்ந்த அறையில் அலமாரி, பரணுக்கு இது போதும்.

2. பி.டபிள்யூ.ஆர்.: பினால் பசை கொண்டது. சமையலறை, ஈரம் ஏறும் சுவரோரம் ஆகியவற்றிற்கு ஏற்றது.

3. மெரைன் (ஐ.எஸ். 710): 72 மணி நேரம் கொதிநீரில் இட்டுச் சோதிக்கப்படுவது. அடிக்கடி நனையும் இடத்திற்கு மட்டும் வாங்கினால் போதும், விலை அதிகம்.

4. சென்டரிங் பலகை (ஐ.எஸ். 4990): கான்கிரீட் போடுவதற்கென்றே செய்யப்படுவது. இதற்குப் பதிலாகக் கமர்சியல் பலகையைப் பயன்படுத்தக் கூடாது.

வாங்கும்போது

ஐ.எஸ்.ஐ. முத்திரை, ஐ.எஸ். எண், உரிம எண் மூன்றும் பலகையில் உள்ளனவா எனப் பாருங்கள். ஓரங்களில் இடைவெளி, ஏடு பிரிதல் இருந்தால் தள்ளிவிடுங்கள். ஐயமிருப்பின், மெரைன் எனத் தரும் பலகையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி 4 மணி நேரம் கொதிக்க வையுங்கள். ஏடு பிரிந்தால் அது மெரைன் அன்று. பிரியாவிடினும் அதை மட்டும் கொண்டு மெரைன் என முடிவு செய்ய இயலாது, முத்திரையும் வேண்டும்.

பொருத்தும்போது

பரணில் மேல் ஏட்டின் இழை ஒரு தாங்கியிலிருந்து அடுத்த தாங்கியை நோக்கி ஓடவேண்டும். அப்போதுதான் மூட்டைப் பாரத்தில் பலகை வளையாது. பசை நீரைத் தாங்கினாலும் மரம் தொடர்ந்து நனைந்தால் மக்கும். ஆகவே, அறுத்த ஓரங்களுக்கெல்லாம் தவறாது பெயிண்ட் அடியுங்கள். கரையான் ஏறாதிருக்க, பலகை மண்ணைத் தொடாமல் இருக்கட்டும்.

எல்லா இடத்திற்கும் விலை கூடிய பலகை தேவையில்லை. நனையும் இடம் எது, நனையாத இடம் எது எனப் பிரித்து எழுதிக்கொண்டு கடைக்குச் சென்றால் செலவு குறையும். பலகையும் நெடுநாள் உழைக்கும்.