உங்கள் கையொப்பச் சாவி உங்களிடமே இருக்கட்டும்

உள்ளாட்சிப் பதவிக்கு முதல் முறையாக வருகிறவர்கள் பயிற்சி முகாம்களில் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. தலைவராக இருக்க அது தெரிந்தே ஆக வேண்டுமா?" பலர் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். நாள் முழுக்கக் கைப்பேசியோடு இருக்கும் இளைஞர்களோ, அந்தக் கேள்வி தங்களுக்கானது அல்ல என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரு சாராருக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பதிவேட்டுக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, எல்லாம் கணினிக்கு மாறிய பிறகு ஓய்வு பெற்றவன் நான். நாளை சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகப்போகிறவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. கருவியை இயக்கத் தெரியவில்லை என்று கூச்சப்படாதீர்கள்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. அவர் எந்த இயந்திரத்தையும் ஓட்டிக் காட்டவில்லை. எது யாருக்குப் பயன்படும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் இந்த விஷயத்தில் நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். இயற்பியலும் சட்டமும் படித்தவர், வேளாண் விஞ்ஞானி அல்லர். 1964 இல் அவர் மத்திய உணவு, வேளாண் அமைச்சரானபோது நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்துக் காத்திருந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் போன்ற விஞ்ஞானிகள் மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமையைப் பற்றிச் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த ரகம் ஏன் சாயாது, எவ்வளவு உரம் தாங்கும், தண்ணீர் எத்தனை முறை வேண்டும், விவசாயிக்கு என்ன விலை கொடுத்தால் துணிந்து விதைப்பான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஏனென்றால், உர இறக்குமதிக்கு அந்நியச் செலாவணி கொடுக்க நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தயங்கினார். இடதுசாரிகள் நாடாளுமன்றத்தில் எதிர்த்தார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல விஞ்ஞானியை அனுப்ப முடியாது. அமைச்சர்தான் எழுந்து நிற்க வேண்டும்.

அவர் விவசாயிகளின் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல்கள் போடச் செய்தார். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அதே ரகத்தை விதைத்தார். 1966 இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை வந்திறங்கியது. 1964-65 இல் சுமார் 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68 இல் 1.6 கோடி டன்னைத் தாண்டியது. அந்த அறுவடைக்கு முன்பே, 1967 தேர்தலில் கோபிசெட்டிபாளையத்தில் அவர் தோற்றுவிட்டார். அந்தத் தோல்வி அவர் செய்த வேலையின் மதிப்பைத் துளியும் குறைக்கவில்லை. தொழில்நுட்பம் தெரிந்த தலைவர் என்று யாரைச் சொல்வீர்கள் என்று கேட்டால் இன்றைக்கும் நான் முதலில் அவர் பெயரைத்தான் சொல்வேன்.

2. "எனக்கு அதெல்லாம் தெரியாது" என்பதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

ஜப்பானில் இணையப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த யோஷிதகா சகுராடா, 2018 நவம்பரில், தான் கணினியே பயன்படுத்துவதில்லை என்று நாடாளுமன்றக் குழுவில் சொன்னார். 25 வயதிலிருந்தே அந்த வேலையை உதவியாளர்களிடம் சொல்லிச் செய்துவருவதாகவும் விளக்கினார். அவர் கணினியைத் தொடாதது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. அணுமின் நிலையங்களில் யு.எஸ்.பி. பயன்பாடு பற்றிக் கேட்டபோது அவர் தடுமாறினாரே, அதுதான் குற்றம். தன் பொறுப்பில் இருக்கும் ஆபத்து எந்த வழியாக உள்ளே வரும் என்று ஓர் அமைச்சருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கற்றுக்கொள்ள அவகாசம் கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். கற்றுக்கொள்ள மாட்டேன் என்று இருந்துவிட்டால், உங்கள் பெயரில் வேறொருவர் ஆட்சி செய்வார்.

3. கையொப்பச் சாவியையும் கடவுச்சொல்லையும் யாரிடமும் கொடுக்காதீர்கள்.

ஊராட்சிப் பணம் இப்போது காசோலையில் மட்டும் போவதில்லை. 2020 ஏப்ரலில் தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் இணையதளம் வந்த பிறகு, நிதிக்குழு மானியத்திலிருந்து பணம் கொடுக்கத் திரையில் ஒருவர் பதிவு செய்ய வேண்டும், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இரண்டுக்கும் டிஜிட்டல் கையொப்பம் தேவை. பார்ப்பதற்குப் பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தச் சின்னச் சாவி உங்கள் கையெழுத்துக்குச் சமம். அதை வாங்கிய அன்றே அலுவலக மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற தலைவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றி வைத்திருப்பார்கள். அப்புறம் அதை எடுத்துப் பயன்படுத்துவது எழுத்தராக இருக்கும், ஒப்பந்ததாரராகக்கூட இருக்கும். தணிக்கையில் கேள்வி வரும்போது தலைவர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பெண் தலைவர்களுக்கு இதைத் தனியாகவே சொல்கிறேன், தங்கைகளே. முன்பு கணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்தது. நான்கு பேர் கேட்டார்கள். இப்போது சாவி அவர் சட்டைப் பையில் இருந்தால் யாருக்கும் தெரியாது. நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள், அதிகாரம் வேறு இடத்தில் இருக்கும். ஓ.டி.பி. வருகிற எண் உங்கள் கைப்பேசி எண்தானா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு பட்டியலையும் ஒப்புதல் தருவதற்கு முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்த வேலைக்கு என்ற மூன்றும் தெரியாமல் பொத்தானை அழுத்தாதீர்கள். இதற்கு ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், வந்துவிடும்.

4. எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதோடு, யாருக்குச் சேரவில்லை என்றும் கேளுங்கள்.

ரேஷன் கடைக்கு ஒரு நாள் போய் நில்லுங்கள். கார்டை நீட்டி, மெஷினில் கட்டை விரலை வைக்கிறார் ஒரு பாட்டி. விழவில்லை. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார். விழவில்லை. ஆள்காட்டி விரல், மோதிர விரல், அடுத்த கை. களையெடுத்தும் பாத்திரம் தேய்த்தும் சாம்பல் அள்ளியும் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும்? பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. "நாளைக்கு வாங்க ஆயா" என்கிறார் விற்பனையாளர். அவரையும் குறை சொல்ல முடியாது. சிக்னல் இல்லை, மெஷின் ஒன்றுதான், மாலைக்குள் இத்தனை கார்டு முடிக்க வேண்டும்.

மாவட்ட அலுவலகத்துக்குப் போகும் அறிக்கையில் இந்தப் பாட்டி இருக்க மாட்டார். நடந்த பரிவர்த்தனைதான் அதில் ஏறும்; நடக்காமல் போனது ஏறாது. ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி இறந்தபோது, ஆதார் இணைக்காததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்டுப் பட்டினியில் செத்துப்போனாள் என்று குடும்பம் அழுதது. மலேரியா என்றது அரசு. அட்டை பட்டியலில் இல்லாமல் போனதை யாரும் மறுக்கவில்லை. தலைமைச் செயலகத்தில் இருப்பவருக்குத் திரையில் தெரியாத ஆள், உங்கள் தெருவில் உங்களுக்குத் தெரிவார். உங்களைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

முடியாதவர்களுக்காக வேறொருவர் வாங்கிக்கொள்ள அங்கீகாரப் படிவம் உண்டு. அது இருப்பதே பலருக்குத் தெரியாது. நீங்களே வாங்கிப் பூர்த்தி செய்து கொடுங்கள்.

5. புகைப்படம் எடுத்தால் திருட்டு நின்றுவிடும் என்று நம்பாதீர்கள்.

நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமானது. வேலை நடக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள். சிக்னல் கிடைக்காமல் பணித்தளப் பொறுப்பாளர் ஏரிக்கரை மேல் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், படம் ஏறாததால் வேலை செய்த பெண்கள் கூலி கிடைக்குமோ கிடைக்காதோ என்று கலங்குவதையும் ஊர் ஊராகப் பார்க்க முடிந்தது. சரி, திருட்டாவது நின்றதா? 2025 ஜூலையில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதிய கடிதத்தில், சம்பந்தமில்லாத படங்கள் ஏற்றப்படுவதையும், படத்தையே படம் பிடித்து ஏற்றுவதையும், ஒரே படம் பல வருகைப் பட்டியல்களில் வருவதையும் குறிப்பிட்டிருந்தது. களத்துக்குப் போய்த் தலையை எண்ணும் வேலை இன்னும் உங்களுடையதுதான்.

6. "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பிரிட்டனில் நடந்ததை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அங்கே ஏமாந்தவர்கள் படித்த அமைச்சர்கள். 1999 முதல் அந்த நாட்டு அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் வந்தது. ஃபுஜித்ஸு நிறுவனம் செய்து கொடுத்தது. சிற்றூர்களில் கடையோடு சேர்த்துத் துணை அஞ்சலகம் நடத்தியவர்களின் கணக்கில் திடீர் திடீரென்று பணம் குறைந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டால், இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் என்று பதில் வந்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். வீட்டை அடகு வைத்துக் குறைந்த பணத்தைக் கட்டினார்கள் சிலர். 900 பேருக்கு மேல் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டார்கள். கர்ப்பிணி ஒருவர் சிறைக்குப் போனார். சிலர் உயிரை விட்டார்கள்.

துணை அஞ்சலகம் நடத்திப் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான ஆலன் பேட்ஸ் 2010 இல் அஞ்சல் துறை அமைச்சர் எட் டேவிக்குக் கடிதம் எழுதிச் சந்திக்க நேரம் கேட்டார். அமைச்சர் முதலில் மறுத்துவிட்டார், பின்னர்தான் சந்தித்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அஞ்சல் நிறுவனம் சொன்னதையே, அடுத்தடுத்து வந்த அமைச்சர்கள் நம்பினார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 இல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

அந்த அமைச்சர்கள் நிரல் எழுதப் படித்திருக்க வேண்டியதில்லை. நேற்று வரை நேர்மையாகக் கடை நடத்திய இத்தனை பேர், கணினி வந்த உடனே ஒரே நேரத்தில் எப்படித் திருடர்கள் ஆனார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வி ஒரு பொறியாளருக்குத் தோன்றாமல் போகலாம். மக்களோடு பழகிய அரசியல்வாதிக்குத் தோன்றியே ஆக வேண்டும்.

7. இயந்திரம் வருவதற்கு முன் சட்டம் வரட்டும். சட்டத்தைப் படித்துவிட்டுக் கை தூக்குங்கள்.

வாக்குப்பதிவு இயந்திரம் முதலில் வந்தது 1982 இல், கேரளத்தின் பறவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984 இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சாவடிகளில் சீட்டு முறையில் மறுபடி வாக்கெடுப்பு நடந்தது. அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ பிரிவைச் சேர்த்த திருத்தம் 2008 டிசம்பரில் விவாதமே இல்லாமல் நிறைவேறியது. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலும் குற்றம் என்ற அளவுக்கு அது விரிந்து கிடந்தது. ஒரு ட்வீட்டுக்காகப் புதுச்சேரிக்காரர் ஒருவர் 2012 இல் அதிகாலையில் கைதானார். 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே நீக்கியது. இடையில் வதைபட்டவர்களுக்கு அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுப்பது? அன்று அவையில் இருந்தவர்களில் ஒருவராவது எழுந்து, எரிச்சல் என்பதற்கு இங்கே என்ன விளக்கம் என்று கேட்டிருக்க வேண்டும்.

8. ஃபாலோயர்கள் எண்ணிக்கையைத் தொழில்நுட்ப அறிவு என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

ரீல்ஸ் போடத் தெரிந்த இளைஞர்களுக்கு இது. கட்சியின் ஐ.டி. விங்கில் பெயர் வாங்கியவர், வார்டு கவுன்சிலரான பிறகு சொத்துவரிக் கணக்கீடு எந்த அளவீட்டில் நடக்கிறது என்று தெரியாமல் இருந்தால் மக்களுக்கு என்ன லாபம்? மறைந்த தலைவர்களைச் செயற்கை நுண்ணறிவால் பேச வைத்த காட்சிகளையும் குரல் பதிவுகளையும் 2024 தேர்தலையொட்டித் தமிழ்நாட்டில் எல்லோரும் பார்த்தோம், கேட்டோம். அவர்கள் சொல்லாததை அவர்கள் குரலில் சொல்ல வைக்க நமக்கு உரிமை இல்லை. நாளை உங்கள் குரலிலும் ஒருவர் அதைச் செய்வார் என்பதை மறக்காதீர்கள்.

9. சொல்லிக்கொடுக்க ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், இந்த மாதமே தொடங்குங்கள்.

ஊரில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை ஒன்று இருக்கும். ஒப்பந்தம், கமிஷன் எதிலும் சம்பந்தமில்லாத பிள்ளையாகப் பாருங்கள். வாரம் ஒரு மாலை உட்கார்ந்து, உங்கள் ஊராட்சியின் வரவு செலவை உங்கள் கைப்பேசியிலேயே எடுத்துப் பார்க்கப் பழகுங்கள். அதே மாதம், கைரேகை விழாதவர்கள், முதியோர் உதவித்தொகை நின்றுபோனவர்கள், பட்டாவில் பெயர் தவறாக ஏறியவர்கள் என்று தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். பேனாவும் நோட்டும் போதும். எழுதி முடித்ததும் ஒரு நகலை வட்டாட்சியருக்கும் ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கி வையுங்கள்.